பட்டியலை விட வேர்ச்சொல் கைகொடுக்கும்
ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க, தினமும் 20 கடினமான சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. வங்கித் தேர்வுக்கு நானும் அப்படித்தான் படித்தேன். ஒரே வாரத்தில் பாதி மறந்துவிட்டது. அப்புறம்தான் வேர்ச்சொல் பக்கம் போனேன். 'ஸ்பெக்ட்' என்பது லத்தீனில் பார்ப்பதைக் குறிக்கும் வேர். ரெட்ராஸ்பெக்ட் என்றால் பின்னால் திரும்பிப் பார்ப்பது. 'சர்கம்' என்றால் சுற்றி. ஆக, சர்கம்ஸ்பெக்ட் என்றால் நாலாபக்கமும் பார்த்து நடக்கிற, எச்சரிக்கையான என்று பொருள். இந்தச் சொல் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதையும் கவனியுங்கள். பலத்த மழை என்று சொல்லிப் பழகியதால் 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் மழை 'ஹெவி', டீதான் 'ஸ்ட்ராங்'. இப்போது என் நோட்டில் தனிச் சொல்லே கிடையாது, முழு வாக்கியமாகத்தான் எழுதி வைக்கிறேன்.