அது அவங்க காசு

அந்தப் பின்னூட்டத்தை நான் நீக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்ட அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பயணப் பதிவின் கீழே அது இன்னும் இருக்கிறது, விழுந்த லைக்குகளோடு. எழுதியவர் பெயர் வேண்டாம், பார்த்தவர்களுக்குத் தெரியும். "ஸ்டேட் கவர்மென்ட் பொறுப்பா வெச்சுப் பார்த்துக்கிட்டதாலதான் அந்த எண்ணெய்க் காசு மிச்சம் இருக்கு. அவங்க கையில குடுத்திருந்தா அன்னைக்கே காலி." மூன்று நாளாக இந்த இரண்டு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

அவங்க என்றால் நவஹோக்கள், அந்த மண்ணின் பழங்குடி மக்கள். அவர்கள் நிலத்திலிருந்து எடுக்கும் எண்ணெயின் காசு. அது அவங்க காசு. அவங்க கையில் யாரும் 'கொடுக்க' வேண்டியதே இல்லை.

நான் போட்ட படங்களில் மானுமென்ட் வேலியின் சிவந்த பாறைகளைத்தான் எல்லோரும் பார்த்தீர்கள். நான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது அங்கிருந்து கிழக்கே, அனெத் போகும் வழியில் பார்த்த காட்சியை. மான்டெசூமா கிரீக் பக்கம் ஒரு எண்ணெய் பம்ப் தலையை ஆட்டி ஆட்டி இறைத்துக்கொண்டே இருந்தது. அதே சாலையில் எங்கள் காருக்கு முன்னால் ஒரு பழைய பிக்கப் வண்டி, பின்னால் வெள்ளை பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. மேடு ஏறும்போதெல்லாம் மூடியோரம் தண்ணீர் தளும்பி வழிந்தது. ஓட்டிய பாட்டி வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்து, மூடியைத் துணியால் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு மறுபடி ஏறினார். நவஹோ நிலம் முழுக்கப் பார்த்தால் சுமார் 30 சதவீத வீடுகளில் இன்னும் குழாய்த் தண்ணீர் இல்லை என்கிறார்கள். எண்ணெய் குழாயில் போகிறது, தண்ணீர் வண்டியில் வருகிறது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 1933இல் அமெரிக்க காங்கிரஸ், அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றம், யூட்டாவின் தென்கிழக்கு மூலையில் சில நிலப்பகுதிகளை நவஹோ நிலத்தோடு சேர்த்தது. எண்ணெயோ எரிவாயுவோ கிடைத்தால், எடுக்கும் கம்பெனி நிலத்துக்காகத் தரும் பங்கான ராயல்டியில் 37.5 சதவீதம் யூட்டா மாநிலத்திடம் போகும், மீதி 62.5 சதவீதம் நவஹோக்களின் பழங்குடி அரசுக்கு. அந்த 37.5 சதவீதத்தை மாநிலம் தன் இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது. நவஹோ பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், அந்த நிலத்தின் வழியே சாலை, அங்கே குடியிருப்பவர்களுக்கு வேறு நன்மைகள், இவ்வளவுதான் அனுமதி. 1956இல் அனெத்தில் எண்ணெய் கிடைத்தது. 1961இலேயே நவஹோக்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டி வந்தது, தங்கள் நிதியை மாநில ஆணையம் கையாளும் விதம் சரியில்லை என்று. வழக்கில் ஜெயித்தார்கள். 1968இல் காங்கிரஸ் சட்டத்தை விரித்து, அந்த மூலையில் இருக்கும் சான் ஹுவான் கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வாழும் நவஹோக்களின் உடல்நலம், கல்வி, பொதுநலம் எல்லாவற்றுக்கும் இந்தப் பணம் என்று எழுதிவைத்தது.

1991இல் யூட்டா சட்டமன்றத்தின் சொந்தத் தணிக்கையாளரே நிதி நிர்வாகம் மோசம் என்று அறிக்கை கொடுத்தார். எதிரிகள் யாரும் எழுதியதில்லை, அவர்களே எழுதியது. 1992இல் நவஹோக்கள் மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். கேட்டது ஒன்றுதான்: எங்கள் பணத்துக்குக் கணக்குக் காட்டு. முந்தைய வழக்குகளிலேயே இது முடிந்துபோன விஷயம் என்று மாநிலம் வாதாடியது. அதை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல்தான் தள்ளியது. 2010இல் 3.3 கோடி டாலருக்குச் சமரசம். பதினெட்டு வருஷம். வழக்குப் போட்டபோது பள்ளியில் சேர்ந்த குழந்தை படிப்பை முடித்து வேலைக்கே போயிருக்கும்.

"பொறுப்பா வெச்சுப் பார்த்துக்கிட்டாங்க" என்று எழுதியவரிடம் கேட்கிறேன், பொறுப்பாகப் பார்த்தவர்கள் எதற்காக 3.3 கோடி டாலர் கொடுத்தார்கள்?

சரி, அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். நவஹோக்கள் தாங்களே நடத்திய அமைப்பிலும் முறைகேடு நடக்கவில்லையா? நடந்தது. அந்த 1991 தணிக்கை அதையும் சொன்னது. நான் மறைக்கவில்லை. ஆனால் அறங்காவலர் யார்? மாநிலம். பணம் எங்கே போகிறது என்று பார்ப்பதுதானே அறங்காவலரின் வேலை? அது தவறிப்போனதற்குப் பணத்தின் சொந்தக்காரனைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொருவர், நல்ல நண்பர், உள்பெட்டியில் கேட்டார்: "நவஹோக்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லையே, அரிசோனாவில் விண்டோ ராக்கில் இருக்கும் பழங்குடி அரசு தான் நிர்வகிக்க வேண்டும் என்கிறது, யூட்டா நவஹோக்கள் பலர் எங்கள் பணம் எங்களிடமே இருக்கட்டும் என்கிறார்கள்." உண்மைதான். அது அவர்கள் பேசித் தீர்க்க வேண்டிய வீட்டு விஷயம். அண்ணன் தம்பி வாய்க்காலுக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்பதற்காக வயலை மூன்றாவது ஆளிடம் எழுதிக்கொடுத்துவிடுவோமா?

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பவர்களுக்காக, இதுவரை இங்கே எழுதாத ஒன்றைச் சொல்கிறேன்.

அப்பா போனபோது எனக்கு ஒன்பது வயது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் அப்பா பங்காக வந்த தென்னந்தோப்பு, மூன்று ஏக்கர். "பொம்பளை தனியா என்ன பண்ணுவா" என்று பெரியப்பா எடுத்துப் பார்த்தார். நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு வெட்டு. வெட்டு நடக்கும் நாளில் அம்மா சமையல்கட்டில் நின்றபடி காய் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சாயங்காலம் வண்டி போன பிறகு கதவுக்குப் பின்னால் சுவரில் அடுப்புக்கரியால் கோடு போடுவாள், ஆயிரத்துக்கு ஒரு கோடு. ஆனால் என் பள்ளிக் கட்டணத்துக்கு அம்மா பெரியப்பா வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டும். சில நாள் ஒரு மணி நேரம். பெரியம்மா காபி கொடுப்பார், உபசாரத்துக்குக் குறைச்சல் இல்லை. கடைசியில் பணம் வரும், கேட்டதில் பாதி. ஒரே ஒரு தடவை அம்மா, "மாமா, அந்த நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாமுங்களா" என்று கேட்டாள். அவர் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. "நான் இல்லாட்டி இந்நேரம் தோப்பே இருந்திருக்காதும்மா."

இப்போது அந்தப் பின்னூட்டத்தை மறுபடி படித்துப் பாருங்கள்.

பெரியப்பா கெட்டவர் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்தார். என்னைக் கல்லூரியில் சேர்க்க அவர்தான் கூட வந்தார். ஆனால் என் அப்பாவின் தோப்புக் காசில் எடுத்த பாவாடைக்கு நான் அவர் காலில் விழுந்து கும்பிட்டேன், வருஷா வருஷம். அது இப்போதும் எரிகிறது. சொந்தப் பணத்துக்கு நன்றி சொல்ல வைப்பது இருக்கிறதே, அது பணத்தை எடுப்பதைவிடப் பெரிய கொடுமை. உதவித்தொகை, மின்கம்பி, வீடு பழுதுபார்ப்பு என்று அந்த நவஹோ நிதியிலிருந்து நல்லது நடக்கிறதே என்பவர்களுக்கும் இதுதான் பதில். நடக்கட்டும், சந்தோஷம். அதை மாநிலத்தின் தயவு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னும் முடியவும் இல்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2008இல், யூட்டா சட்டமன்றம் தனக்கு இனி இந்த அறங்காவலர் வேலை வேண்டாம் என்று ஒதுங்கியது. காங்கிரஸ் வேறு ஆளைப் பார்க்கட்டும் என்றது. அதன் பிறகு வந்த ராயல்டி தனிக் கணக்கில் போய் விழுந்தது, புது அறங்காவலர் வரும் வரை இருக்கட்டும் என்று. மசோதாக்கள் வந்தன, சட்டம் ஆகவில்லை. நிதியில் முடிவெடுப்பது மாநில அதிகாரிகளின் வாரியம், நவஹோக்களுக்கு இருப்பது ஆலோசனை சொல்லும் குழு.

பின்னூட்டம் போட்ட தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. நீங்கள் அந்தச் சாலையில் போனால் அந்த மாதிரித் தண்ணீர்த் தொட்டி வண்டி எப்படியும் ஒன்று எதிரே வரும். அதை நிறுத்தி, உள்ளே இருப்பவரிடம் உங்கள் இரண்டு வரியை முகம் பார்த்துச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் அப்புறம் வந்து என்னோடு பேசுங்கள்.