யாரும் பொறுப்பேற்காத காற்று

குடிதண்ணீர் கலங்கலாக வந்தால் அன்றைக்கே சத்தம் போடுகிறோம். முப்பது நாற்பது பேர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டு, எட்டு மணி நேரம் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. பள்ளி, அலுவலகம், மருத்துவமனைக் காத்திருப்பு அறை எல்லாவற்றிலும் இதே கதைதான். வாசலில் ஒரு சானிடைசர் பாட்டில் இருக்கும். அது மலிவு, கண்ணுக்கும் தெரியும். காற்றைச் சுத்தம் செய்யச் செலவாகும், செய்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நிர்வாகங்கள் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

மேலிடத்திலிருந்து உத்தரவு வரட்டும் என்று காத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட் காற்றில் பரவாது என்று அடித்துச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் காற்றுத் துகள் ஆய்வாளர்கள் லிடியா மொராவ்ஸ்காவும் டொனால்ட் மில்டனும் எழுதிய திறந்த மடலுக்கு 239 விஞ்ஞானிகள் துணை நின்று, இல்லை, காற்றில்தான் பரவுகிறது என்றார்கள். ‘காற்று வழியாகப் பரவுதல்’ என்ற சொல்லாட்சியை அந்த நிறுவனம் முறையாக வரையறுத்து அறிக்கை வெளியிட்டது 2024 ஏப்ரலில். நடுவே நான்கு வருடம். அந்த நான்கு வருடத்தில் மேசைக்கு மேசை பிளாஸ்டிக் தடுப்பு வைத்தார்கள். பல அறைகளில் அது காற்றோட்டத்தைத்தான் தடுத்தது. அம்மை, காசநோய், ஃப்ளூ எல்லாம் இதே வழியில் வருகிறவைதான். அதனால் இது முடிந்துபோன பழைய சண்டை இல்லை.

என் கருத்து இதுதான்: அளந்து பாருங்கள், நம்மால் முடிந்ததை இன்றைக்கே செய்யுங்கள், செய்ததை எழுத்தில் வைத்து நிர்வாகத்தைக் கேளுங்கள். மூன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். நாமே செய்துகொண்டு சும்மா இருந்துவிட்டால் அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தால் அதற்குள் நோய் வந்துவிடும்.

முதலில் அளப்பது. கையடக்கமான கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று போதும். வெளிக்காற்றில் இப்போது சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 420 பங்கு, இருக்கிறது. நாம் விடும் மூச்சில் சுமார் 40,000. அறையில் 800 காட்டினால், நீங்கள் இழுக்கும் காற்றில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு வேறொருவர் நுரையீரலுக்குள் போய் வந்தது என்று பொருள். 1,200 என்றால் இரண்டு பங்கு. 2,000 தாண்டும் வகுப்பறைகள் அபூர்வமே இல்லை. 800-க்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள்.

வாங்கும்போது, அகச்சிவப்பு ஒளியால் நேரடியாக அளக்கும் ‘என்டிஐஆர்’ சென்சார் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விலை மலிவான சில கருவிகள் காற்றில் உள்ள வேறு ரசாயன ஆவிகளை அளந்து, அதிலிருந்து ஒரு எண்ணை ஊகித்துக் காட்டுகின்றன. சோதிப்பது சுலபம். கொஞ்சம் சானிடைசரைக் கையில் தேய்த்து மீட்டர் பக்கத்தில் கொண்டுபோங்கள், மூச்சை மட்டும் அதன் மேல் விடாதீர்கள். எண் சட்டென்று எகிறினால் அது ஊகக் கருவி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்ல கருவியிலும் ஒரு சிக்கல் உண்டு. பலவற்றில் தானாகவே அளவைத் திருத்திக்கொள்ளும் வசதி இருக்கும். கடந்த சில நாட்களில் பார்த்த மிகக் குறைந்த எண்ணை வெளிக்காற்று என்று அது எடுத்துக்கொள்ளும். எப்போதும் மூடிய அறையிலேயே வைத்திருந்தால் 700-ஐ 400 என்று நம்பி, அப்புறம் எல்லாவற்றையும் குறைத்தே காட்டும். வாரம் ஒருமுறை திறந்த வெளியில் இருபது நிமிடம் வையுங்கள். வாய்க்கு நேராகவோ ஜன்னல் ஓரத்திலோ வைத்து அளக்காதீர்கள். ஆட்கள் உள்ளே வந்து ஒரு மணி நேரமாவது ஆன பிறகுதான் எண்ணுக்கு அர்த்தம். காலி அறையில் 450 காட்டுவதை நிரூபணமாக நீட்டும் நிர்வாகிகளும் இருக்கிறார்கள்.

இதே மீட்டரை வைத்து, அந்த அறைக்கு மணிக்கு எத்தனை முறை வெளிக்காற்று வந்து மாறுகிறது என்றும் கண்டுபிடிக்கலாம். எல்லோரும் வெளியே போனதும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,620 என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றின் 420-ஐக் கழித்தால் 1,200 மிச்சம். அந்த மிச்சம் 37 சதவீதமாக, அதாவது சுமார் 440-ஆகக் குறைய, மீட்டரில் 860 வரும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ அதுதான் ஒரு காற்று மாற்றத்துக்கான நேரம். ஒரு மணி நேரம் ஆனால் மணிக்கு ஒரு மாற்றம். பன்னிரண்டு நிமிடத்தில் வந்தால் ஐந்து. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2023 மே மாதம் முதல் சொல்லிவரும் இலக்கு மணிக்கு ஐந்து மாற்றமாவது என்பது. பெரும்பாலான மூடிய அறைகள் ஒன்றைத் தாண்டாது.

ஏசி ஓடுகிறதே என்பார்கள். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைக் குளிர வைத்துத் திருப்பி விடுகிறது, அவ்வளவுதான். அதன் வலைச் சல்லடை தூசியைப் பிடிக்கும், கிருமித் துகளைப் பிடிக்காது. பெரிய கட்டடங்களின் மைய ஏசியில் வெளிக்காற்றுக்கென்று ஒரு கதவு இருக்கும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அதை மூடி வைப்பது பரவலான பழக்கம். பராமரிப்பு ஊழியரிடம் தன்மையாகக் கேட்டாலே அது திறந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஜன்னல் இருந்தால் எதிரெதிரே இரண்டைத் திறங்கள். ஒன்றை மட்டும் அகலத் திறப்பதைவிட, இரண்டைக் கையகலம் திறப்பது பெரும்பாலும் நல்லது. ஒரு ஜன்னலில் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வைத்தால் மற்ற வழியாகப் புதுக்காற்று தானாக வரும். வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் அவர் அறை ஜன்னலிலும் இப்படியே செய்யுங்கள். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு டிஷ்யூ காகிதத்தை மெல்லிய பட்டையாகக் கிழித்து, சாத்திய கதவின் அடி இடுக்கில் பிடியுங்கள். பட்டை அறைக்குள் இழுபட்டால் சரி. வெளியே தள்ளப்பட்டால் நோயாளியின் அறைக் காற்று கூடத்துக்கு வருகிறது. ஃபேனைத் திருப்பி வையுங்கள், அல்லது ஃபேனைச் சுற்றியுள்ள இடைவெளியை அட்டையால் அடையுங்கள்.

வெளிக்காற்று வழியே இல்லாத இடத்தில் வடிகட்டுவதுதான் வழி. அறை 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 90 கன மீட்டர். ஐந்து மாற்றத்துக்கு மணிக்கு 450 கன மீட்டர் சுத்தக் காற்று வேண்டும். சுத்திகரிப்பான் வாங்குவதானால் அதன் ‘சிஏடிஆர்’ எண்ணை, அதாவது எவ்வளவு சுத்தக் காற்று தரும் என்ற அளவை, பாருங்கள். விளம்பரத்தில் ‘இத்தனை சதுர அடிக்கு’ என்று போடுவதை நம்ப வேண்டாம். அது உச்ச வேகத்தில், யாரும் பேச முடியாத இரைச்சலில் எடுத்த கணக்கு. அயனி, ஓசோன் என்று சொல்லி விற்பவற்றின் பக்கமே போகாதீர்கள். ஓசோன் நுரையீரலுக்குக் கேடு.

வாங்க வசதியில்லையா, ஃபில்டர்களையும் ஒரு ஃபேனையும் சேர்த்து ஒட்டிச் செய்யும் கோர்சி-ரோசன்தால் பெட்டி செய்யுங்கள். 2020-ல் ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசன்தாலும் உருவாக்கிய வடிவம் இது. காப்புரிமைத் தொல்லை கிடையாது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஐந்து ஃபில்டர் வைத்த பெட்டியைச் சோதித்தபோது, ஃபேனின் வேகத்துக்கு ஏற்ப மணிக்கு சுமார் 1,000 முதல் 1,400 கன மீட்டர் வரை சுத்தக் காற்று கிடைத்தது.

தேவையானவை: 20 அங்குலச் சதுர மெர்வ் 13 ஃபில்டர் நான்கு (துகளைப் பிடிக்கும் திறனைக் குறிக்கும் அளவுதான் மெர்வ்), 20 அங்குலப் பெட்டி ஃபேன் ஒன்று, அகலமான டக்ட் டேப், ஃபேன் வந்த அட்டைப்பெட்டி. ஒவ்வொரு ஃபில்டரின் ஓரத்திலும் காற்று போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும். நான்கையும் சதுரமாக நிறுத்தும்போது எல்லா அம்புகளும் உள்நோக்கி இருக்க வேண்டும். மூலைகளை மேலிருந்து கீழ்வரை டேப் போட்டு ஒட்டுங்கள். அடியில் அட்டை. மேலே ஃபேன், காற்று மேல்நோக்கிப் போகும்படி. ஃபேனுக்கும் ஃபில்டருக்கும் நடுவே உள்ள இடுக்கையும் மறக்காமல் டேப்பால் மூடுங்கள். காற்று சுலபமான வழியைத்தான் தேடும். விரலளவு ஓட்டை இருந்தாலும் வடிகட்டாத காற்று அந்த வழியே உள்ளே வரும்.

பலர் விட்டுவிடுவது அடுத்த வேலையை. ஓர் அட்டையில் 15 அங்குல விட்டத்துக்கு வட்டமாக வெட்டியெடுத்து, மிஞ்சிய அட்டையை ஃபேனின் மேல் முகத்தில் ஒட்ட வேண்டும். ஃபேன் சட்டம் சதுரம், இறக்கை சுற்றுவது வட்டம். இறக்கை எட்டாத நான்கு மூலைகள் வழியாக, வெளியே போன காற்று திரும்ப உள்ளே இழுபடும். அந்த மூலைகளை மூடினால் கிடைக்கும் காற்று கூடும். இதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

ஒரே ஃபில்டரை ஃபேனின் முகத்தில் ஒட்டினால் போதாதா என்று கேட்பார்கள். பரப்பு குறைவு என்பதால் ஃபேன் மூச்சுத் திணறும், காற்று குறையும், மோட்டார் சூடாகும். நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றின் வழியாகவும் காற்று மெதுவாகப் போகும், தடையும் குறையும், துகளும் நன்றாகப் பிடிபடும். மெர்வ் 13 ஒருமுறை கடக்கும் காற்றில் 1 முதல் 3 மைக்ரான் வரையுள்ள துகள்களில் 85 சதவீதமாவது பிடிக்க வேண்டும் என்பது விதி. இன்னும் நுண்ணிய ‘ஹெபா’ ஃபில்டர் 99.97 சதவீதம் பிடிக்குமே என்றால், பிடிக்கும்தான். ஆனால் அதே காற்று மணிக்குப் பலமுறை இதற்குள் போய் வருவதால், சதவீதத்தைவிடக் காற்றின் அளவுதான் முக்கியம்.

பெட்டி ஃபேன் கிடைக்காத இடத்தில் கணினிக்குள் வைக்கும் 120 மில்லிமீட்டர் ஃபேன்கள் ஐந்தாறை ஒரு பலகையில் பொருத்தலாம். சத்தமே கேட்காது. ஸ்டிக்கரும் குறுக்குக் கம்பியும் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம், அதை வெளியே பார்த்து வையுங்கள். 12 வோல்ட் அடாப்டர் வாங்கும்போது எல்லா ஃபேன்களின் ஸ்டிக்கரிலும் உள்ள ஆம்பியரைக் கூட்டி, அதைவிட அதிகம் தரக்கூடியதாக எடுங்கள்.

இந்தப் பெட்டிகள் தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: சத்தம். யாராவது எரிச்சலில் அணைத்துவிடுவார்கள், அப்புறம் அது மூலையில் கிடக்கும். உச்ச வேகத்தில் ஒன்றை ஓட்டுவதைவிடக் குறைந்த வேகத்தில் இரண்டு ஓட்டுங்கள். சுவரை ஒட்டி வைக்காமல் எல்லாப் பக்கமும் ஓர் அடியாவது இடம் விடுங்கள். ஃபில்டரைக் கழுவக் கூடாது. அதன் இழைகளில் இருக்கும் மின்னேற்றம் போய்விடும். தூசி அதிகமான இடத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், மாற்றும்போது மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியில் வைத்துச் செய்யுங்கள். இன்னொன்று: ஃபில்டர் கிருமித் துகளைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்காது. பெட்டி ஓடியும் மீட்டரில் எண் இறங்கவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

அறை நம் கையில் இல்லாதபோது மாஸ்க்தான். துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் ஓரங்களில் ஒழுகும். என்95 அல்லது அதற்கு இணையான ஐரோப்பிய எஃப்எஃப்பி2 வேண்டும். உண்மையான என்95-க்குத் தலையைச் சுற்றி இரண்டு பட்டை இருக்கும். காதில் மாட்டும் வளையத்தோடு ‘என்95’ என்று விற்றால் அது போலி. மேல் பட்டை உச்சந்தலையில், கீழ் பட்டை காதுக்குக் கீழே பிடரியில். இரண்டையும் குறுக்காகப் போடாதீர்கள். மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூடாரம் மாதிரி எழும்பி இருபுறமும் இடைவெளி விழும். இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் நோக்கி அழுத்திக்கொண்டே போங்கள். பிறகு இரு கைகளாலும் மாஸ்க்கை மூடி வேகமாக மூச்சு விடுங்கள். கண் பக்கம் காற்று அடித்தாலோ கண்ணாடியில் ஆவி படிந்தாலோ மறுபடி அழுத்துங்கள். விளிம்பு படியும் இடத்தில் தாடி இருந்தால் என்ன செய்தாலும் ஒட்டாது. வால்வு வைத்தது உங்களைக் காக்கும், எதிரே இருப்பவரை அந்த அளவுக்குக் காக்காது. துவைப்பது, சானிடைசர் தெளிப்பது இரண்டும் மாஸ்க்கைக் கெடுக்கும். காகிதப் பையில் உலர வைத்துத் திரும்பப் போடலாம். முதலில் தளர்வது பட்டைதான், அது தளர்ந்தால் தூக்கிப் போடுங்கள்.

மாஸ்க் போட முடியாத இடம் பல் மருத்துவரின் நாற்காலி. அன்றைய முதல் நேரத்தைக் கேளுங்கள், இரவெல்லாம் ஆளில்லாமல் கிடந்த அறை அது. மற்ற மருத்துவமனைகளில் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை வெளியே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் மாஸ்க் போட்டுவிட்டு, எல்லோரும் ஒரே சமயத்தில் நெருக்கியடித்துச் சாப்பிடும் அறையில் கழற்றினால் பட்ட பாடெல்லாம் வீண். வெளியில் சாப்பிடுங்கள், அல்லது கூட்டம் கலைந்த பிறகு போங்கள்.

இனி கடிதம். ‘காற்றோட்டம் சரியில்லை’ என்று எழுதினால் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். தேதி, அறை, இருந்தவர்கள் எண்ணிக்கை, ஜன்னல் திறந்திருந்ததா, எத்தனை மணிக்கு எத்தனை பிபிஎம், இவற்றை ஒரு வாரத்துக்கு அட்டவணையாகப் போடுங்கள். கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள்: வெளிக்காற்றுக் கதவைத் திறப்பது, மைய ஏசியின் ஃபில்டரை, கருவி தாங்குமானால், மெர்வ் 13 ஆக்குவது, ஆட்கள் இருக்கும் நேரமெல்லாம் அதன் ஃபேன் நிற்காமல் ஓடுவது, காய்ச்சலோடு வேலைக்கு வரவேண்டாம் என்று சம்பளத்தோடு விடுப்புத் தருவது. ஒப்பிட அளவுகோலும் இருக்கிறது. கட்டடக் காற்றோட்டத்துக்குத் தரநிலைகள் வகுக்கும் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 2023-ஆம் ஆண்டுத் தரநிலை 241, தொற்று அபாயம் உள்ள காலத்தில் ஒருவருக்கு நொடிக்கு அலுவலகத்தில் 15 லிட்டர், வகுப்பறையில் 20, மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் 45 லிட்டர் சுத்தக் காற்று வேண்டும் என்கிறது. வெளிக்காற்று, வடிகட்டிய காற்று இரண்டையும் சேர்த்த கணக்கு அது.

தனியாக அனுப்பாதீர்கள், தனியாள் எளிதில் குறிவைக்கப்படுவார். பத்துப் பேர் கையெழுத்துப் போடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். உடன் வேலை செய்பவரின் ஆஸ்துமாவையோ புற்றுநோய் சிகிச்சையையோ வாதத்துக்கு வலு சேர்க்க அவரைக் கேட்காமல் எழுதவே எழுதாதீர்கள். வேலை போகும் என்ற பயத்தில் அவர் அதை மறைத்து வைத்திருக்கலாம்.

பதில் வருவதற்குள் பெட்டியைச் செய்து அறையில் வைத்துவிடுங்கள். வீட்டில் செய்த மின்சாதனம் ஆபத்து என்று எடுக்கச் சொன்னால், அதே அளவு காற்றுத் தரும் கடைச் சுத்திகரிப்பானை எந்தத் தேதிக்குள் வைப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஃபில்டர் மாட்டிய தேதியையும், காலையில் போட்டு மாலையில் அணைக்கும் பொறுப்பு இந்த வாரம் யாருடையது என்பதையும் எழுதி ஒட்டிவையுங்கள்.