தீவனம் இல்லாத முட்டைக் கணக்கு

அந்த வரைபடத்தை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாகிவிட்டது. ஒரு கிலோ முட்டைக்கு எந்த நாடு எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியிடுகிறது என்று பச்சை, மஞ்சள், சிவப்பு அடித்து, சிவப்பில் விழுந்தவர்களை "இவங்கல்லாம் எப்பத்தான் திருந்துவாங்களோ" என்று கேலி வேறு. விவரம் தெரிந்தவர்களே பகிர்ந்ததுதான் எரிச்சல்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த எண்ணில் தீவனம் இருக்கிறதா?

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2013 ஆய்வுப்படி, ஒரு கிலோ முட்டைக்கு உலக சராசரி 3.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு சமானம், அதாவது எல்லா பசுங்குடில் வாயுக்களையும் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மாற்றிக் கூட்டியது. அதில் 69 விழுக்காடு தீவனத்தால் வருவது. மக்காச்சோளத்துக்குப் போட்ட உரத்திலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, காட்டை அழித்து விளைவித்த சோயா, எல்லாம் அதில் சேரும். எருவின் பங்கு 20 விழுக்காடுதான். ஆனால் அதே அமைப்பின் புள்ளிவிவரத் தளத்தில் நாடுவாரியாகக் கிடைக்கும், அந்த வரைபடத்தில் ஏறிய, உமிழ்வுச் செறிவு (கிலோவுக்கு எவ்வளவு வாயு) எண்ணில் தீவனமே கிடையாது. எருவோடு கணக்கு முடிந்துவிடும். அதுவும் பண்ணை பண்ணையாகப் போய் அளந்ததல்ல, பெரும்பாலும் வட்டாரத்துக்கு ஒன்றாக வைத்திருக்கும் பொதுக் காரணிகளால் பெருக்கி எடுத்தது. நீங்கள் பகிர்ந்த படத்தில் பாதி நாடுகளுக்கு எண் ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை. அப்போதாவது சந்தேகம் வர வேண்டாமா? கல்யாணச் செலவில் சாப்பாட்டை விட்டுவிட்டு யார் சிக்கனக்காரர் என்று பட்டம் கொடுக்கிற கதை.

ஒரு பண்ணைக்கு நானே இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தீவனக் கலவைத் தாளில் மக்காச்சோளம், சுண்ணாம்புக்கல், வைட்டமின் என்று எல்லாம் கிராம் சுத்தமாக இருந்தது. சோயாப் புண்ணாக்குக்கு எதிரே "வந்த இடம்" என்ற கட்டம் மட்டும் காலி. கேட்டால், "லோடு கொண்டுவந்தவருக்கே தெரியாது, ஏதாவது போட்டுக்கோங்க" என்றார்கள். காடழித்த நிலத்து சோயா என்று போட்டால் எண் எகிறுகிறது. பழைய விளைநிலம் என்று போட்டால் இறங்குகிறது. கோழியும் கொட்டகையும் முட்டையும் அதேதான். இரண்டு எண்ணையும் கொடுத்து, அடிக்குறிப்பும் எழுதினேன். அறிக்கையில் ஏறியது குறைந்த எண். அடிக்குறிப்பைக் காணோம்.

"அப்போ நாடுகளை ஒப்பிடவே கூடாதா?" என்று ஒருவர் வருவார். தாராளமாக ஒப்பிடுங்கள், ஒரே அளவுகோலை வைத்து. பிரிட்டனில் 2012இல் அப்படித்தான் செய்தார்கள். ஒரு கிலோ முட்டைக்கான உமிழ்வு, கிலோவில்: கூண்டு முட்டை 2.92, திறந்தவெளி முட்டை 3.38, இயற்கை முறை 3.42. முறை ஒன்று, எதையெல்லாம் சேர்ப்பது என்ற எல்லை ஒன்று, அதனால் அந்த வித்தியாசத்துக்கு ஏதோ பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் 1960ஐயும் 2010ஐயும் ஒப்பிட்டபோது கிலோவுக்கான உமிழ்வு 71 விழுக்காடு குறைந்திருந்தது. குறைந்த தீவனத்தில் கூடுதல் முட்டை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. பாருங்கள், அங்கேயும் தீவனம்தான்!

"கூண்டுப் பண்ணைக்கு வக்காலத்தா?" என்று கேட்பவர்களுக்கு நேரம் செலவழிக்கப் போவதில்லை. கூண்டில் கோழி படும் பாடு தனி வழக்கு, அதில் நான் உங்கள் கட்சிதான்.

இன்னொருவர், "ஒரு விழிப்புணர்வுக்குத்தானே, விடுங்க" என்றார். யாருக்கு விழிப்புணர்வு? ஜப்பானிலும் மெக்சிகோவிலும் ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் போகிறது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அது 50ஐக்கூடத் தொடாது. வாரத்துக்கு ஒரு முட்டை கிடைத்தாலே பெரிது என்றிருக்கும் வீட்டுக்குப் போய், உன் கோழி சிவப்பு என்று வகுப்பெடுக்கிறோம். சரி, கிலோ கணக்கை விடுங்கள், ஆள் கணக்கில் ஒரு வரைபடம் போடுங்கள் என்று அந்தப் பதிவிலேயே மரியாதையாகக் கேட்டேன். வந்த பதில் ஒரு சிரிப்புப் பொம்மை. அதற்கும் நாற்பது பேர் விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறீர்கள்.