சாமி ஞாயிற்றுக்கிழமை வராது

பகுதி நேர முனைவர் பட்ட ஆய்வா, சனி ஞாயிறில் முடித்துவிடலாமே என்கிறார்கள். நான் ஆராய்வது நெல்லை வட்டாரக் கொடை விழாக்களை, அதாவது ஊர்த் தெய்வங்களுக்கு ஆண்டுதோறும் எடுக்கும் கோயில் விழாக்களை. அம்மனுக்குப் பெரும்பாலும் செவ்வாய், சுடலைமாடனுக்கு வெள்ளி. சாமக்கொடை நள்ளிரவில். வில்லுப்பாட்டில் கதை சூடுபிடித்து, சாமியாடிக்கு அருள் வரும் நேரத்தில் என் மனம் மறுநாள் காலை வருகைப் பதிவேட்டில் கிடக்கும். விடுப்புக் கேட்டால், "கோயில் கொடைக்குத்தானே போகிறீர்கள், இதில் என்ன ஆய்வு?" என்கிறார் மேலாளர்.

ஆய்வில் சேரும்போதே அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அந்தக் கோப்பு எத்தனை மேசைகளில் உறங்கியது! ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றம் காட்ட வேண்டும்; அதுவும் வேலைநாளில், பட்டப்பகலில். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளில் முழு நேரத்தாருக்கும் எங்களுக்கும் ஒரே கெடு: 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2. நாள் முழுதும் நூலகத்தில் இருப்பவரும், இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிவிட்டுக் கணினியைத் திறப்பவரும் அவர்கள் கணக்கில் ஒன்றுதான். கொடையைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். சில ஊர்களில் அதுவும் நிச்சயமில்லை, கொடைக்கான ஊர் வரித் தகராறில் நின்றுபோகும்.

இதற்கிடையில் சித்தப்பா தொலைபேசியில் கேட்கிறார்: "இன்னுமா படிக்கிறாய்?"