சட்டம் வந்துவிட்டதாம்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நான் சாப்பாட்டை அரைவாசியில் விட்டு எழுந்து போனதைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். யாருடைய பேச்சுக்காக எழுந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும் என்பதால் பெயர் சொல்லவில்லை. “பாரவூர்திச் சாரதிகளுக்கு வேண்டிய சட்டமெல்லாம் பிரசெல்சில் எப்போதோ போட்டாயிற்று, பிறகு எதற்கு இந்த ஒப்பாரி?” என்று அந்த அண்ணை கேட்டார். ஐரோப்பிய ஒன்றியம் பிரசெல்சில் போட்டால் போதாது என்று அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குவிதி ஒன்று வந்தால் அது எல்லா உறுப்பு நாடுகளிலும் நேரடியாகச் சட்டம். பணிப்புரை அப்படியல்ல. அதை ஒவ்வொரு நாடும் குறித்த தவணைக்குள் தன் உள்நாட்டுச் சட்டமாக எழுதிக்கொள்ள வேண்டும். நேரடிச் சட்டம் என்று சொல்லப்படும் ஒழுங்குவிதியிலும்கூட, அதை மீறினால் எவ்வளவு தண்டப்பணம் என்பதைப் பெரும்பாலும் அந்தந்த நாடுதான் தீர்மானிக்கிறது. தண்டப்பணம் எழுதப்படாத விதியை எந்த முதலாளி மதிப்பான்?

2016 மாரிகாலத்தில் நான் வேறொரு நிறுவனத்துக்குப் பாரவூர்தி ஓட்டிக்கொண்டிருந்தேன். 45 மணித்தியால வார ஓய்வை எடுப்பதற்காக, பெல்ஜியத்தில் லியேஜுக்கு அருகில் ஒரு தரிப்பிடத்தில் வண்டியை நிறுத்தி, சிறிய எரிவாயு அடுப்பில் பருப்பை ஏற்றியிருந்தேன். கைபேசி அடித்தது. “அங்கே படுக்காதே, எல்லையைத் தாண்டி ஜெர்மனியில் ஆஹன் பக்கம் வந்து படு” என்றார்கள் நிறுவனத்தில். முழு வார ஓய்வை வண்டிக்குள் கழித்தால் பெல்ஜியத்தில் 2014 முதல் 1,800 யூரோ தண்டம். ஜெர்மனியில் அன்றைக்கு ஒரு சதமும் இல்லை. பாதி வெந்த பருப்பை மூடி வைத்துவிட்டு ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் ஓட்டினேன். அதே வண்டி, அதே படுக்கை, ஓட்டும் நேரம், ஓய்வு பற்றிய 2006ஆம் ஆண்டின் அதே ஒழுங்குவிதி. ஜெர்மனி தன் சட்டத்தில் தண்டத்தைச் சேர்த்தது 2017 மே மாதத்தில். பெல்ஜியம் அந்த விதியை வாசித்த விதம் சரியென்று லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது அதே ஆண்டு டிசம்பரில். நான் படுத்த அந்த இரவுகளுக்கு இரண்டும் உதவவில்லை.

ஊதியக் கதை இதைவிட மோசம். வேறொரு நாட்டுக்குள் சரக்கு ஏற்றி அங்கேயே இறக்கும் சாரதிக்கு அந்த நாட்டின் ஊதிய விதிகள் பொருந்தும் என்ற பணிப்புரை 2020இல் வந்தது. அதை உள்நாட்டுச் சட்டமாக்கக் கடைசி நாள் 2022 பெப்ரவரி 2. ஒழுங்குக்கும் நேரம் தவறாமைக்கும் பேர்போன இந்த ஜெர்மனியில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2023 ஜூலை 1. பதினேழு மாதம்! நான் வரிப்பத்திரத்தைப் பதினேழு நாள் பிந்திக் கொடுத்துப் பார்க்கிறேன், என்ன நடக்கிறதென்று பார்ப்போம்.

அந்தப் பதினேழு மாதத்துக்குள்தான் டார்ம்ஸ்டட்டுக்கு அருகே ஏ5 நெடுஞ்சாலையின் கிறாஃபென்ஹவுசன் தரிப்பிடத்தில் ஜோர்ஜியா, உஸ்பெகிஸ்தான் சாரதிகள் சம்பளப் பாக்கி கேட்டு வண்டிகளை நிறுத்தினார்கள். முதலாளி தரப்பு தனியார் காவலர்களோடு கவச வாகனத்தில் வந்து இறங்கியது. பணிப்புரை நேரத்துக்குச் சட்டமாகியிருந்தால் அவர்களுக்குப் பணம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுடைய வழக்கு வேறு. ஆனால் “எல்லாம் எழுதியாயிற்று” என்பவர்கள் அந்தப் படங்களை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும்.

நாடாளுமன்றத்துக்கு நேரம் வேண்டாமா, ஒவ்வொரு நாட்டு நிலைமையும் வேறல்லவா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்த நேரத்தைக் கணக்கிட்டுத்தானே தவணை கொடுக்கிறார்கள்? அமைச்சர்கள் பிரசெல்சில் கூடி முடிவெடுத்துவிட்டு, ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கோப்பைத் தொட மறந்துவிட்டால் அதற்கு எந்த நிலைமையைக் காரணம் சொல்வது? “கிழக்கு ஐரோப்பியன் உன் வேலையைப் பறிக்கிறான், அவனுக்காக நீ ஏன் பேசுகிறாய்?” என்று உள்பெட்டியில் கேட்டவருக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. நாங்கள் இங்கே வந்திறங்கியபோது எங்களைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள்.

சாரதியின் தலையில் ஏறும் பணிப்புரை மட்டும் ஒரு மணித்தியாலம்கூடக் குறையாமல் வந்து சேர்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை 35 மணித்தியாலப் பயிற்சி. முடித்தால்தான் தொழில்முறைச் சாரதி என்று காட்டும் 95 என்ற குறியீடு. ஐந்து சனிக்கிழமைகள் என் சொந்தக் காசில் போய் உட்கார்ந்து, இருபது ஆண்டாக நான் செய்கிற வேலையைப் படத்தில் பார்த்தேன். படிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. மண்டபத்தில் “படிக்காத லொறிக்காரனுக்குச் சட்டம் விளங்காது” என்று பின்னால் ஒருவர் சிரித்தாரே, அவருக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

அண்ணை, உங்கள் கடைக்கு வெள்ளிக்கிழமை வரும் முருங்கைக்காயும் ஒரு பாரவூர்தியில்தான் வருகிறது. போன மாதம் அரிசி மூட்டை இறக்கிய ருமேனியச் சாரதி கழிப்பறைச் சாவி கேட்டபோது, எதிரிலுள்ள பெற்றோல் நிலையத்தைக் கைகாட்டினீர்கள். நான் அப்போது கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். மண்டபத்தில் அதைச் சொல்லாமல்தான் எழுந்து போனேன்.