அணித் தோழரின் பங்கு
டூரிங் கார் பந்தயத்தில் (சாலையில் ஓடும் கார்களைப் பந்தயத்துக்கென மாற்றியமைத்து ஓட்டும் போட்டி) ஒவ்வொருவரும் தமக்காகவே ஓட்டுகிறார்கள், அணித் தோழரின் உதவியெல்லாம் ஃபார்முலா ஒன்னோடு சரி என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை, 1992ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பை அறிந்தவர்கள் ஏற்க மாட்டார்கள். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்தில் நடந்த கடைசிப் பந்தயத்துக்கு டிம் ஹார்வி, ஜான் கிளீலண்ட், வில் ஹாய் ஆகிய மூவரும் பட்டம் வெல்லும் வாய்ப்போடு வந்திருந்தார்கள். பட்டத்துக்கான போட்டியிலேயே இல்லாத ஸ்டீவ் சோப்பரோ, தொடக்கத்தில் மோதலில் சிக்கிப் பின்தங்கியும் ஒவ்வொரு காராகக் கடந்து வந்து, தம்மைப் போலவே பிஎம்டபிள்யூ ஓட்டிய ஹார்விக்கு வழிவிட்டு, கிளீலண்டோடு மல்லுக்கு நின்றார். அந்தக் காணொளியைப் பலமுறை பார்த்திருக்கிறேன்: கிளீலண்டின் வாக்ஸ்ஹால் கார் இரண்டே சக்கரங்களில் சாய்ந்து ஓடுகிறது, அந்த நிலையிலும் அவர் சோப்பரை நோக்கி விரலை உயர்த்துகிறார் (எந்த விரல் என்று சொல்லத் தேவையில்லை). சற்று நேரத்தில் இருவரும் மோதி வெளியேற, பட்டம் ஹார்விக்குப் போனது. சோப்பர் வேண்டுமென்றே இடித்தாரா என்பது வேறு கேள்வி. அன்று அவர் தமக்காக மட்டும் ஓட்டினார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.