மீர்கேட்டுகள் பாடம் நடத்துகின்றனவே!
விலங்குக் குட்டிகள் பார்த்துத்தான் கற்கின்றன, பெரியவை எதையும் கற்றுக்கொடுப்பதில்லை என்று விலங்குகள் பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் அடித்துச் சொல்வதை ஏற்க முடியவில்லை. தென்னாப்பிரிக்காவின் கலஹாரி வறண்ட நிலத்தில் கூட்டமாக வாழும், கீரி இனத்தைச் சேர்ந்த சிறு விலங்குகளான மீர்கேட்டுகள் தேள் தின்பவை. சின்னஞ்சிறு குட்டிக்குக் கொன்ற தேளைக் கொடுக்கும். சற்று வளர்ந்ததும் கொடுக்கைக் கடித்தெடுத்த உயிர்த்தேள். கடைசியில் கொடுக்கோடு முழுத்தேள். கொடுத்த கையோடு போய்விடுவதும் இல்லை. அருகிலேயே நின்று கவனித்து, குட்டி தயங்கினால் இரையை மூக்கால் அதனிடம் தள்ளிவிடும். இதைச் செய்வது பெற்றவை மட்டுமல்ல, கூட்டத்திலுள்ள மற்றவையும்தான். 2006இல் ஆலெக்ஸ் தார்ன்டன், கேத்ரின் மெக்காலிஃப் வெளியிட்ட ஆய்வில் சில குட்டிகளுக்குக் கொடுக்கில்லாத உயிர்த்தேள், சிலவற்றுக்குச் செத்த தேள், சிலவற்றுக்கு (பாவம்!) அவித்த முட்டை என்று மூன்று நாள் கொடுத்துப் பார்த்தார்கள். உயிர்த்தேளோடு பழகியவையே பிறகு தேளை நன்றாகச் சமாளித்தன. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய நண்பர் ஒருவர் 'எல்லாம் இயல்பூக்கம்', அதாவது பிறவியிலேயே வருவது, என்று சொல்வதும் பாதி சரி. குட்டி இரை கேட்டுக் கத்தும் குரல் வயதோடு மாறுகிறது. பெரியவை அந்தக் குரலை வைத்தே இரையைத் தேர்கின்றன. சிறு குட்டிகள் இருந்த கூட்டத்தில் வளர்ந்த குட்டிகளின் குரலை ஒலிக்கவிட்டபோது உயிருள்ள இரை கூடுதலாக வந்தது. பெரியவை ஏமாந்தனதான், ஆனாலும் தங்கள் வயிற்றைப் பார்க்காமல் குட்டிக்காக நேரம் செலவழிக்கின்றனவே, அதைக் கட்டுரை கணக்கில் எடுக்கவே இல்லை.